கல்லுப்பட்டி ஆடிட்டரும் எங்கள் வீட்டு அரிசியும்

பி.காம். படிக்கிற யாரிடமும் 'ஆடிட்டர்' என்று சொல்லிப் பாருங்கள், முகத்தில் ஒரு மரியாதை வரும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சி.ஏ. கனவோடு திரிகிறவர்கள்தான். ஆனால் லண்டனில் கணக்கியல் படித்த ஒரு ஆடிட்டர், மதுரையிலிருந்து திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கும் டி.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசி வருடங்களைக் கழித்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் ஜே.சி.குமரப்பா. நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது அரிசி வழியாக.

போன வருடம் அப்பாவுக்கு சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். அந்த வாரமே அம்மா அறிவித்துவிட்டார்: இனிமேல் கைக்குத்தல் அரிசி, கம்பு, செக்கு எண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. மாதக் கடைசியில் மளிகை பில்லைப் பார்த்த அப்பாவுக்கு சர்க்கரையோடு பிரஷரும் ஏறியிருக்கும் :-) "அரிசிக்கும் அரிசிக்கும் ரெண்டு மடங்கு வித்தியாசமா? நீதான் காமர்ஸ் படிக்கிறியே, ஏன்னு சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்தபோது கிடைத்தவர்தான் குமரப்பா.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய் சிரக்யூஸிலும் கொலம்பியாவிலும் படித்தார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரி, செலவுக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்பதுதான் கொலம்பியாவில் அவர் எழுதிய ஆய்வு. 1929-ல் காந்தியைச் சந்தித்தார். காந்தி அந்த ஆய்வைத் தன் 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட்டார். கோட்டும் சூட்டுமாக இருந்த மனிதர் அதோடு கதருக்கு மாறிவிட்டார்.

கணக்கில் ஆள் எப்படி என்பதற்கு ஒரு சம்பவம். 1934 பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு இவர் பொறுப்பில் இருந்தது. நிவாரண வேலையாக வந்த காந்தியின் குழுவுக்கான செலவையே அந்த நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆடிட்டிங் பாடப் புத்தகத்தில் இதைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

அந்த வருடக் கடைசியில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியது. குமரப்பா அதன் செயலாளர். சங்கம் முதலில் கையில் எடுத்த விஷயங்களில் ஒன்று அரிசி. மில்லில் தீட்டிய அரிசி வேண்டாம், கைக்குத்தல் அரிசி சாப்பிடுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். இது வெறும் பழமைப் பாசம் இல்லை. 1920-களிலேயே குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். வட இந்தியச் சீக்கியர்களின் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நம் சென்னை மாகாணச் சோற்றைத் தின்றவை நோஞ்சானாகின. அவரும் கோவை வேளாண் ரசாயனவியலாளர் விஸ்வநாத்தும் சேர்ந்து, தொழு உரம் போட்டு விளைந்த சிறுதானியத்தின் சத்து பற்றி 1926-ல் ஒரு கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். இயற்கை உரம் பற்றிய பேச்சு நேற்று வந்ததில்லை!

தீட்டுவதற்கும் தூரத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. தவிட்டில் எண்ணெய் உண்டு, அதனால் தவிடு போகாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு விழும். நெடுந்தூரம் போகவும், குடோனில் மாதக்கணக்கில் கிடக்கவும் தீட்டிய அரிசிதான் தோது. பக்கத்தில் விளைந்ததைப் பக்கத்தில் சாப்பிட்டால் தீட்ட வேண்டிய அவசியமே குறைவு. தவிடு ஊர் மாட்டுக்கு, குத்துகூலி ஊர்க்காரருக்கு. மில் வந்தால் இரண்டும் ஊரை விட்டுப் போகும். இதைத்தான் குமரப்பா கணக்காகப் போட்டார்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் அவருடைய 'ஒய் தி வில்லேஜ் மூவ்மெண்ட்' புத்தகத்தில் கோகோ உதாரணமாக இருக்கிறது. ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பில் விளைந்து, கடற்படை காவல் காக்கும் கடல் வழியாகப் போய், குறைந்த கூலியில் தயாராகி, சாதகமான சுங்க வரியோடு இங்கே வருகிறது ஒரு டப்பா கோகோ. அதை வாங்குகிறவன் அத்தனைக்கும் பங்காளி என்கிறார். அதாவது பில்லில் இருப்பது விலை மட்டும்தான், யார் தலையிலோ விழுந்த மீதிச் செலவு அதில் இல்லை. நாங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஒரு பேப்பர் எழுதுகிறோம், இந்தக் காலம் அதில் கிடையாது.

ஜபல்பூர் சிறையில் எழுதிய 'எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஒரு லட்சம் பேர் வாழும் பகுதிக்குத் தானியம், பருப்பு, காய்கறி, எண்ணெய், பால், துணிக்குப் பருத்தி என்று எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்க எவ்வளவு நிலத்தில் எதைப் பயிரிட வேண்டும் என்று அட்டவணை போட்டிருக்கிறார். சிறையில் உட்கார்ந்து பட்ஜெட் போடுவதற்கு ஆடிட்டரால்தான் முடியும்.

ஜெயித்தாரா என்றால் இல்லை. கைக்குத்தலைக் காப்பாற்ற அரிசி மில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1958-ல் வந்தது. மில்கள் பெருகின, உரல்கள் கொல்லைப்புறம் போயின, 1997-ல் அந்தச் சட்டமும் நீக்கப்பட்டது. குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று இறந்தார். காந்தி இறந்த அதே தேதி. அவர் பிறந்த தஞ்சாவூரில்தான், அவர் இறந்த சமயத்தில், ரசாயன உரத்தோடு கூடிய தீவிர வேளாண் திட்டம் தொடங்கியது. பிறகு ஆடுதுறை 27, ஐ.ஆர். 8.

இந்த இடத்தில் பலர் "பசுமைப் புரட்சிதான் எல்லாவற்றையும் கெடுத்தது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. 1965, 66-ல் மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த நாடு இது. 1967 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதியே ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்பதுதான். பசித்தவனிடம் தவிட்டைப் பற்றிப் பேச முடியுமா? ஆனால் மறுபக்கமும் உண்டு. 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த நம்மாழ்வார், மானாவாரி விவசாயிக்கு அந்த ஆராய்ச்சி பயன்படவில்லை என்று 1969-ல் வேலையை விட்டார். உரம், மருந்து எல்லாம் காசு கொடுத்து வாங்கி, வானம் பார்த்த கரிசல் காட்டில் போட்டால் கட்டுப்படியாகாது. இதுவும் கணக்குதான்.

குமரப்பா கணக்கில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. அதைக் காட்டியது அப்பத்தா. பேரையூர் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர். அம்மா கம்பங்கூழ் கொடுத்தபோது தொடவே இல்லை. "நெல்லுச்சோறு நல்ல நாளுக்குத்தான்டா கண்ணுல படும். விடியக்காலம் கம்பு இடிச்சு இடிச்சுக் கை காச்சுப்போச்சு. இப்ப காசு குடுத்து இதையே வாங்கிக் குடிக்கிறீகளா?" என்றார். உள்ளங்கையை வேறு விரித்துக் காட்டினார். கிராமத்தில் குத்துகூலி கிடைக்கும் என்பது சரி, சொந்த வீட்டு உரலுக்கு யார் கூலி கொடுத்தார்கள்?

ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று குமரப்பா பாணியில் எழுதிப் பார்த்தேன். 'ஆர்கானிக்' என்று அச்சடித்த பருப்புப் பாக்கெட்டில் வெளி மாநில விலாசம் ஒன்று இருந்தது, விளைவித்தவர் யார் என்று இல்லை. கம்பு விற்கும் உசிலம்பட்டிப் பாட்டியிடம் கேட்டேன். எந்தக் காடு, எந்த மழைக்கு விதைத்தது, யார் களை எடுத்தது, எல்லாம் சொன்னார். கூடவே "ஒரு தரம் கொஞ்சம் யூரியா போட்டோம் தம்பி" என்றும் சொல்லிவிட்டார்.

அம்மா கம்பை அவரிடம்தான் வாங்குகிறார். பாக்கெட் பருப்பு நின்றுவிட்டது. அப்பத்தாவுக்குத் தனியாக வெள்ளைச் சோறு வடிக்கிறோம்.