தபசுகாலமும் தகர்ந்த மதிலும்

அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், சோழநாட்டு வயல்வெளிகளுக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே அமைந்த காரைக்கால், ஆதிமுதலே பக்தியின் ஊராக விளங்கி வந்திருக்கிறது. புனிதவதியார் மாங்கனியின் வழியாக இறையருளுக்குச் சாட்சியாகி அம்மையார் என்று போற்றப்பட்டது இவ்வூரில். நளனுடைய துயர் நீங்கிய தலம் என்று நம்பித் தேசத்தின் நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் நீராட வருகின்ற திருநள்ளாறு இதற்கு மேற்கே அருகில் இருக்கிறது. மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரிக்குச் சமய வேற்றுமையின்றி மக்கள் கூடுவதும் இங்கேதான். செய்த வினையின் பாரத்தை எங்கே இறக்கி வைப்பது, இறக்கி வைத்தபின் புதிய மனிதராக எவ்வாறு எழுவது என்னும் கேள்வியை இந்த மண் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ விசுவாசம் அளித்த விடை இக்கரையில் எவ்வாறு ஒரு வழக்கமாக வேரூன்றியது, எங்கே தடுமாறியது, எங்கே தன் சத்தியத்துக்குத் தானே சாட்சி சொன்னது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த வழக்கத்தின் பூர்வீகம் காரைக்காலுக்குத் தெற்கே, முத்துக்குளித்துறையில் தொடங்குகிறது. 1530-களின் நடுவில் ஞானஸ்நானம் பெற்ற பரதவ மக்களிடையே 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து பணியாற்றினார். அவருக்குப் பின் அதே கரையில் பல்லாண்டுகள் உழைத்து, தமிழைக் கசடறக் கற்ற அன்றிக் அடிகளார் என்னும் போர்த்துகீசியத் துறவி, தமிழ் எழுத்தில் புத்தகங்களை அச்சேற்றத் தொடங்கினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. அதற்கடுத்த 1580-ஆம் ஆண்டில் பாவசங்கீர்த்தனம் செய்வோருக்கு வழிகாட்டும் நூல் ஒன்றும் அச்சாயிற்று. அச்சு என்னும் புதுமை தமிழுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே, சாதாரண மீனவக் குடும்பத்தார் தம் மனச்சாட்சியைத் தம் தாய்மொழியிலேயே சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு நூல் செய்யப்பட்டது என்பது நம் மொழியின் வரலாற்றில் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. குற்றத்தை உணர்வதும், அதைச் சொல்வதும், மன்னிப்பைப் பெறுவதும் கற்றோருக்கு மட்டும் உரிய காரியங்களாக இருக்கலாகாது என்பதே அம்முயற்சியின் உட்கருத்து.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் பெற்று, ஞானோபதேசத்தைப் பண்டிதரும் பாமரரும் கேட்கும் நடையில் எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்களின் உழைப்பால், பாவம், இரட்சணியம், தேவ இஷ்டப்பிரசாதம், மோட்சம் முதலான கருத்துக்களைச் சொல்லும் ஒரு தமிழ்ப் பரிபாஷை உருவாயிற்று. பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து என்று அந்த உபதேசம் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. செய்ததை நினைவுக்குக் கொண்டுவரும் ஆத்தும சோதனை; செய்ததற்காக உள்ளம் நொந்து வருந்தும் மனஸ்தாபம்; இனி அதைச் செய்வதில்லை என்னும் பிரதிக்கினை; குருவானவரிடம் ஒளிக்காமல் வெளியிடுதல்; அவர் கட்டளையிடும் அபராதத்தைத் தீர்த்தல். இவற்றுள் நடுநாயகமானது மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சி வருந்துவது குறைவுள்ள மனஸ்தாபம் என்றும், அன்பே உருவான சர்வேசுரனை நோகச் செய்தோமே என்று வருந்துவதே உத்தம மனஸ்தாபம் என்றும் பாகுபடுத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். அச்சத்தைத் தாண்டி அன்பினால் அழும் நிலையைப் படிப்பறியாத உழவனுக்கும் உரிய இலட்சியமாக வைத்த அந்தப் போதனையின் உயரத்தை நாம் எளிதாக மதித்துவிடலாகாது.

1739-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தூய்மா கவர்னராக இருந்த காலத்தில், தஞ்சை மராட்டிய ராஜ்யத்தைச் சேர்ந்த காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் ஏற்கெனவே புதுச்சேரியை மையமாகக் கொண்டு கர்நாடக மிஷன் என்ற பெயரில் ஊழியம் செய்துகொண்டிருந்தார்கள். காரைக்காலும் அவர்கள் நடமாடும் களமாயிற்று. சுற்றிலும் கிடந்த தஞ்சை நாட்டிலோ, 1701-இல் சகஜி மன்னரின் ஆட்சியில் எழுந்த உபத்திரவத்தின் நினைவு கிறிஸ்தவர்களை விட்டு அகலவில்லை. அக்காலத்தில் மிஷன் ஊர்களுக்குக் குருவானவர் வருவதே அரிது. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ அவர் வந்து தங்கும் சில நாட்களுக்காக மாதக்கணக்கில் ஜனங்களை ஆயத்தம் செய்தவர் உபதேசியார். ஜெபங்களை மனப்பாடம் செய்வித்து, சண்டையிட்டவர்களைச் சமாதானப்படுத்தி, பிறர் பொருளை எடுத்தவன் அதைத் திருப்பிக் கொடுத்தானா என்று விசாரித்து, அதன் பின்னரே அவர்களைச் சங்கீர்த்தனத்துக்கு அனுப்பினார். பாவமன்னிப்பு என்பது ஆத்துமாவுக்கும் ஆண்டவனுக்கும் இடையே நடக்கும் இரகசியம் என்றாலும், அதற்குப் போகும் வழி அயலானுடைய வாசல் வழியாகவே செல்கிறது என்னும் பாடம் இந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது.

ஆண்டு முழுதும் பரவிக்கிடந்த இவ்வொழுக்கம் திரண்டு நின்ற காலம் தபசுகாலம். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பெற்றுத் தொடங்கும் அந்த 40 நாட்களில், பெரியவர்கள் ஒருசந்தி இருந்தார்கள், வெள்ளிதோறும் சுத்தபோசனம் காத்தார்கள், கல்யாணங்கள் நின்றன. மாலை வேளைகளில் கோயிலின் சுவரோரம் 14 ஸ்தலங்களையும் சுற்றிவந்து சிலுவைப்பாதை தியானித்தார்கள். பெரிய வெள்ளியன்று கல்வாரி நிகழ்ச்சிகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டுப் பெண்கள் புலம்பினார்கள். இழவு வீட்டில் அழுத அதே குரல், அதே ராகம், அங்கே தேவமகனுக்காக எழுந்தது. ஆயினும் அந்தக் காலத்தின் முடிவு புலம்பலில் இல்லை. சனி இரவு கடந்து பாஸ்குத் திருநாள் விடிகையில், மரணமும் பாவமும் தோற்றுப்போயின என்னும் செய்தியே அத்தனை நாள் உபவாசத்துக்கும் கண்ணீருக்கும் பொருளாக வெளிப்பட்டது. மனிதன் தன் பலத்தால் பாவத்தை வென்றான் என்று அத்திருநாள் சொல்லவில்லை; வென்றவர் கிறிஸ்து, அந்த வெற்றியில் பங்கு பெறுகிறவன் மனிதன் என்றே சொல்லிற்று. ஆகையினால்தான் சென்ற ஆண்டு வீழ்ந்தவன் இவ்வாண்டும் நம்பிக்கையோடு வந்து மண்டியிட முடிந்தது.

இவ்வளவு உயர்ந்த உபதேசம் இக்கரையில் ஒரு பெரும் குறையைத் தன் மடியிலேயே சுமந்திருந்தது என்பதை மறைப்பது சத்தியத்துக்கு அழகன்று. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கிறிஸ்தவர்கள் கோயிலுக்குள்ளும் தனியாகவே நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தால், குருவானவர் அக்குடிசைக்குள் நுழைந்து கடைசி தேவதிரவிய அனுமானங்களைக் கொடுப்பதற்கு உயர்குலத்தாரின் ஆட்சேபம் தடையாக நின்றது. மரண அவஸ்தையில் கிடப்பவரிடத்தில் மன்னிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கால்கள் வாசற்படியில் தயங்கின. 1703-இன் இறுதியில் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் பிரதிநிதி தூர்நோன், மறு ஆண்டு வெளியிட்ட கட்டளையில் இவ்வழக்கத்தைக் கண்டித்து, வியாதியஸ்தர்களின் வீடுகளுக்குக் குருக்கள் செல்லவேண்டும் என்று விதித்தார். அதன்மேல் எழுந்த விவாதம் 40 ஆண்டுகள் நீடித்து, 1744-இல் பாப்பரசர் 14-ஆம் ஆசீர்வாதப்பரின் சாசனத்தில் முடிவுக்கு வந்தது. அவரும் அந்தக் கடமையை உறுதிப்படுத்தினார். ஒடுக்கப்பட்டோருக்கென்று தனிக் குருக்களை நியமிக்கும் ஏற்பாட்டுக்கும் இடம் தந்தார்.

இதற்கு அடுத்த ஆண்டு, 1745 அக்டோபரில், புதுச்சேரியில் நடந்த ஒரு சம்பவத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரிக் குறிப்பில் பதிந்து வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். சாதி ஆசாரங்களை மதித்து நடந்தவர். ஆகவே அந்தச் சாட்சியம் பட்சபாதமற்றது. புதுச்சேரிக் கோயிலின் உள்ளே ஒடுக்கப்பட்டவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. காரைக்கால் குருவானவர் ஒருவருடைய தூண்டுதலால் ஊக்கம் பெற்ற அந்த ஏழைக் கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடிப் பெரிய குருவிடம் சென்று, தாங்களும் அதே ஆண்டவனுடைய பிள்ளைகளாயிருக்கையில் இந்தப் பிரிவினை எதற்கு என்று முறையிட்டார்கள். அந்த முறையீட்டின் நியாயத்தை அவர் ஒப்புக்கொண்டார்; சுவர் இடிக்கப்பட்டது. உயர்குலத்துக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள் என்பதும் அக்குறிப்புக்களாலேயே விளங்குகிறது.

பாவத்தின்மேல் வெற்றி என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் நம் சிந்தை தனி மனிதனுடைய குடியையும் கோபத்தையும் காமத்தையும் நோக்கியே செல்கிறது. அவையும் வெல்லப்படவேண்டியவைதாம். ஆனால் 1745-இல் தகர்ந்தது எந்த ஒருவருடைய ஆத்தும சோதனையிலும் அகப்படாத ஒரு பாவம். அதைச் செய்தவர்கள் அதைப் பாவம் என்றே அறிந்திலர். மரியாதை என்றும் முறை என்றும் நினைத்தார்கள். தபசுகாலம்தோறும் மண்டியிட்டுச் சிறிய பிழைகளையெல்லாம் எண்ணிச் சொன்னவர்கள், தங்கள் அருகில் நின்ற மதிலை எண்ண மறந்தார்கள். அதை அவர்களுக்குக் காட்டும் பேறு, அதன் மறுபக்கத்தில் நிறுத்தப்பட்டவர்களுக்கே கிடைத்தது. அவமதிக்கப்பட்டவர்கள் விசுவாசத்தை விட்டு விலகாமல், அந்த விசுவாசத்தையே ஆதாரமாகக் கொண்டு நியாயம் கேட்டார்களே, நம்பிக்கை என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் என்னால் சொல்ல இயலவில்லை.

காரைக்காலுக்கு வடக்கே அரை நாள் நடையில் உள்ள தரங்கம்பாடியிலும் இதே போராட்டம் வேறொரு வடிவில் நடந்தது. 1706 ஜூலை 9-ஆம் தேதி அந்த டேனிஷ் கோட்டைத் துறையில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும், கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு நீதிமானாகிறான் மனிதன் என்னும் லுத்தரன் போதனையைக் கொண்டுவந்தார்கள். பாவசங்கீர்த்தனத்தின் முறைகளைப் பற்றி இரு சாராருக்கும் இடையே கடுமையான வாதங்கள் இருந்தபோதிலும், கிறிஸ்தவனுடைய வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்று 1517-இல் லுத்தர் தம் நியாயங்களின் தொடக்கத்தில் வற்புறுத்தியதை நினைத்தால், அடிப்படை வேட்கை ஒன்றே என்பது புலப்படும். 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவேறியது. அச்சான சுவிசேஷங்களைப் படித்து உள்ளம் மாறிய இராஜநாயக்கன் என்ற போர்வீரர், தஞ்சை நாட்டில் பல்லாண்டுகள் உபதேசியாராக உழைத்தார். 1733-இல் ஆரோன் என்பவர் அந்த மிஷனின் முதல் இந்தியக் குருவாக அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கனுக்கோ, அவர் கையால் மேற்குலத்தார் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற அச்சத்தால், அந்தப் பட்டம் கிட்டவில்லை. வேதத்தைப் படித்தவர்களும் இந்த மதிலுக்கு முன் திகைத்தே நின்றார்கள்.

காரைக்காலின் அரசியல் விதி பிற்பாடு பலமுறை மாறிற்று. 1760-இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினார்கள். 1765-இல் திருப்பித் தந்தார்கள். மேலும் யுத்தங்கள் வந்து, 1817-இல்தான் அது நிலையாகப் பிரெஞ்சு வசமாயிற்று. இதற்கிடையில் 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டு, பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் பொறுப்பேற்றார்கள். 1836-இல் புதுச்சேரி அப்போஸ்தலிக்க விகாரியம் ஏற்பட்டது. 1886-இல் அது அதிமேற்றிராசனமாக உயர்ந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் விடைபெற்றது. 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு சட்டப்படி முழுமையடைந்தது. கொடிகள் மாறின, குருக்களின் சபைகள் மாறின, மாதா கோவில் வீதியில் ஓங்கி நிற்கும் தேற்றரவு அன்னையின் ஆலயத்தில் தபசுகாலமும் பாஸ்குவும் மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வந்துகொண்டே இருந்தன. ஆகஸ்டு மாதத் தேர்த் திருவிழாவுக்கு அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து நிற்பதைக் காண்பவர், துயரத்தில் ஆறுதல் தேடுவதில் இவ்வூரார் ஒரே குடும்பம் என்பதை அறிவார்.

மதிலின் கதையோ 1745-இல் முடிந்துவிடவில்லை. 1833-இல் ஆங்கிலிக்கன் மேற்றிராணியார் டானியல் வில்சன் சாதிப் பிரிவினையைக் கோயில்களில் ஒழிக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் பக்தரே அதை எதிர்த்தார். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு சாதியாருக்கென்று இரு பகுதிகளாகக் கட்டப்பட்ட கோயிலின் தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் சில கல்லறைத் தோட்டங்களில் இறந்தவர்களைப் பிரிக்கும் வேலிகள் இன்றும் இருக்கின்றன. ஒரு தலைமுறை இடித்ததை மறு தலைமுறை கட்டிவிடுகிறது. தபசுகாலம் ஒரு முறை வந்து நின்றுபோகாமல் ஆண்டுதோறும் திரும்பி வருவதன் நியாயமும் இதுவே: வீழ்ச்சி திரும்பத் திரும்ப நேர்வதால், எழுச்சியும் திரும்பத் திரும்ப நிகழவேண்டியிருக்கிறது.

ஆகவே காரைக்கால் கிறிஸ்தவர்களின் வரலாறு நமக்கு விட்டுச்சென்ற போதனை தெளிவானது. பாவத்திலிருந்து விடுதலை உண்டு என்று நம்புகிறவன், அந்த விடுதலை தன்னோடு நின்றுவிடாமல் அயலானையும் எட்டுகிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டவன். அழுது மன்னிப்புப் பெற்ற உள்ளம், தான் மறந்துபோன மதில்களைப் பிறர் சுட்டிக்காட்டும்போது சினவாமல் செவிசாய்க்கவேண்டும். செவிசாய்த்தபின் கடப்பாரையைத் தன் கையிலேயே எடுக்கவேண்டும். அவ்விதம் செய்த குருவும், அவரைச் செய்வித்த ஏழைகளும் இந்தக் கரையில் வாழ்ந்தார்கள். அவர்கள் பெயர்களைக் குறிப்புக்கள் காத்து வைக்கவில்லை. ஆயினும் உயிர்த்த ஆண்டவரின் வெற்றியை வாயால் அறிக்கையிட்டதோடு நில்லாமல் செயலால் நிரூபித்தவர்கள் அவர்களே என்று துணிந்து சொல்லலாம்.