மகேந்திரகிரி: எந்திரத் தொடக்க, நிறுத்தச் சோதனைகளின் வரலாறு

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி ஆகிய ஊர்களைக் கடந்தால் காவல்கிணறு வரும். அதற்கு மேற்கே, தாமிரபரணிப் படுகைக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அமைந்துள்ளது. திரவ உந்து அமைப்புகள் மையத்தின் பகுதியாக இருந்த இது 2014 பிப்ரவரி 1 முதல் தனி மையமாகச் செயல்படுகிறது. இந்திய ஏவூர்திகளின் திரவ எந்திரங்கள் இங்குதான் எரித்துச் சோதிக்கப்படுகின்றன.

ஓர் எந்திரம் பத்து நிமிடங்கள் எரியக்கூடும். ஆயினும் அதன் வெற்றி தோல்வி பெரும்பாலும் முதல் சில விநாடிகளிலேயே முடிவாகிவிடுகிறது. கிரையோஜெனிக் எந்திரத்தில் திரவ ஹைட்ரஜன் ஏறத்தாழ -253 பாகை செல்சியசிலும், திரவ ஆக்சிஜன் -183 பாகையிலும் இருக்கும். அசையாமல் நிற்கும் டர்பைன் நொடிப்பொழுதில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகளை எட்ட வேண்டும். எரியூட்டி பற்றுமுன் எரிபொருள் தேங்கினால் வெடிக்கும். நிறுத்தும்போது எரிபொருள் முதலில் தீர்ந்து ஆக்சிஜன் மிஞ்சினால் சூடான உலோகமே எரியத் தொடங்கும்.

இந்த வால்வுகளின் வரிசையைக் கட்டுப்பாட்டு நிரல் நடத்துகிறது. அழுத்தம், வெப்பநிலை, சுழற்சி வேகம் ஆகியவற்றை அது இடைவிடாது அளந்து, எல்லை மீறினால் எந்திரத்தை நிறுத்துகிறது. சீராக எரியும்போது இது எளிது. தொடக்கத்தில் எல்லா அளவுகளும் மாறிக்கொண்டே இருப்பதால், எந்த விநாடிக்கு எது இயல்பு என்பதையும் நிரல் அறிந்திருக்க வேண்டும். எல்லை இறுக்கமானால் நல்ல எந்திரமும் நிறுத்தப்படும். தளர்ந்தால் கெட்ட எந்திரம் வெடிக்கும். சரியான எல்லை எதுவெனக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது, எரித்துப் பார்த்தே அறிய வேண்டும்.

கணினி மென்பொருளிலும் நிலைமை இதுவே. தொடங்கும்போது பிழையைப் பதிவுசெய்யும் பகுதி இன்னும் விழித்திருக்காது. முடியும்போது அது முன்பே உறங்கியிருக்கும். 2004 சனவரியில் செவ்வாயில் இருந்த நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, நினைவகத்தில் கோப்புகள் பெருகியதால் தொடங்கும்போதே முடங்கி, திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்தது. உறங்கவும் மறுத்ததால் மின்கலமும் வடிந்தது.

நிறுத்தும் நிரலின் பயனை இந்தியா 2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் கண்டது. முதல் ஜி.எஸ்.எல்.வி.யில் நான்கு பக்கத் திரவ எந்திரங்கள் நடுத்தண்டின் திண்ம மோட்டாருக்கு 4.8 விநாடிகள் முன்பே பற்றவைக்கப்பட்டன. திண்ம மோட்டாரைப் பற்றவைத்த பின் நிறுத்த முடியாது என்பதால், அந்த இடைவெளியே சோதனைக்குரிய நேரம். அன்று ஓர் எந்திரம் போதிய உந்துவிசை தரவில்லை. புறப்பாட்டுக்கு ஒரு விநாடி முன்பு கணினி அனைத்தையும் நிறுத்தியது. மூன்று வாரங்களில், ஏப்ரல் 18 அன்று, ஏவூர்தி புறப்பட்டது.

2010 ஏப்ரல் 15 அன்று அப்படி ஒரு வாய்ப்பு அமையவில்லை. உள்நாட்டுக் கிரையோஜெனிக் கட்டம் 2007 நவம்பர் 15 அன்று மகேந்திரகிரியில் 720 விநாடிகள் எரிந்து தேறியிருந்தது. முதல் பறப்பில் எந்திரம் பற்றவும் செய்தது. ஹைட்ரஜன் ஊக்கப் பம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்றுகளை எட்டி, சில விநாடிகளில் நின்றுபோனது. தரையில் நீண்ட நேரம் எரிவது வேறு, பறக்கும்போது தொடங்குவது வேறு. இதன்பின் விண்வெளியின் வெற்றிடத்தை உண்டாக்கிப் பற்றவைக்கும் உயர்மட்டச் சோதனை 2013 மார்ச்சில் மகேந்திரகிரியில் நடத்தப்பட்டது. 2014 சனவரி 5 அன்று அந்தக் கட்டம் விண்ணில் வெற்றி பெற்றது.

சிக்கல் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஏவப்பட்ட ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10-இல், ஒரு வால்வின் மென்முத்திரை சேதமடைந்ததால் ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் குறைந்தது. எந்திரம் பற்றவே இல்லை. 307-ஆம் விநாடியில் கணினி பயணத்தைக் கைவிட்டது.

மனிதப் பயணத்துக்கான சி.இ.-20 எந்திரத்துக்கு அளவுகோல் இன்னும் கடுமையானது. நான்கு எந்திரங்கள் 39 முறை, மொத்தம் 8,810 விநாடிகள் எரிக்கப்பட்டன. தேவைப்பட்டதோ 6,350 விநாடிகள்தான். 2024 பிப்ரவரியில் ஏழாவது வெற்றிடப் பற்றவைப்புடன் தகுதிச் சோதனைகள் நிறைவுற்றன. அணைத்த எந்திரத்தை மீண்டும் ஏற்றுவது இன்னொரு பணி. 2025 சனவரி 17 அன்று விகாஸ் எந்திரம் 60 விநாடிகள் எரிந்து, 120 விநாடிகள் அணைந்து, பிறகு 7 விநாடிகள் மீண்டும் எரிந்தது.

மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் கொண்டு 2,000 கிலோநியூட்டன் உந்துவிசை தரவிருக்கும் அரைக் கிரையோஜெனிக் எந்திரம் இன்னும் தொடக்கக் கட்டத்திலேயே நிற்கிறது. 2023 சூலை 1 அன்று 4.5 விநாடிகளுக்குத் திட்டமிட்ட சோதனை 1.9 விநாடிகள் வரை சரியாகச் சென்றது. பின்னர் டர்பைன் அழுத்தம் திடீரென ஏறி, வேகம் குறையவே நிறுத்தப்பட்டது. 2025 மார்ச் 28 அன்று நடந்த சோதனை 2.5 விநாடிகள் நீடித்து வெற்றி பெற்றது.