கடைவீடுகளும் குடியிருந்தோரும்

பினாங்குத் தீவில் 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் நிறுவிய ஜார்ஜ் டவுன் நகரின் பழைய தெருக்களில் கடைவீடுகள் இன்றும் வரிசை வரிசையாக நிற்கின்றன. கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னே ஐந்தடி நடைபாதை, நடுவே வெளிச்சமும் காற்றும் இறங்கும் திறந்த முற்றம் என்பதே அவற்றின் அமைப்பு. சூலியா தெருவில் தமிழ் முஸ்லிம் வணிகரும், பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் செட்டியார்களும் தொழில் நடத்தியது இத்தகைய வீடுகளில்தான்.

இவை பெருமளவு இடிபடாமல் தப்பியதற்குப் பழமைப்பற்று மட்டும் காரணமன்று; வாடகைச் சட்டமொன்றும் காரணமாகும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையைக் கட்டுக்குள் வைத்தது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் விடவில்லை. அதனால் இடித்துக் கட்டும் ஊக்கம் உரிமையாளர்க்குக் குறைந்தது. பழுது பார்க்கும் ஊக்கமும் உடன் குறைந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

1997இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1999 இறுதியோடு இடைக்காலமும் முடிந்தது. வாடகை உயரவே, தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களும் சிறு கைவினைஞரும் வெளியேறலாயினர். ஆளில்லா வீடுகள் சிலவற்றில், உணவுக்கு விலைபோகும் கூடுகளுக்காகக் குருவிகளை வளர்த்தனர்!

2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. அதன்பின் புதுப்பிக்கும் பணி பெருகியது. இப்பணியில் மிகுந்த கவனம் வேண்டுவது சுவரே. பழஞ்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினாலோ ஈரம் வெளியேற வழியின்றி மேலும் உயர ஏறும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். உறுதிக்கென்று பூசிய சிமெண்டே சுவரை அரிப்பது வியப்புக்குரியது. எனவே, முறையறிந்தோர் சிமெண்டைக் கொத்தி நீக்கி மீண்டும் சுண்ணாம்பே பூசுகின்றனர். லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் சீ மாளிகை பழைய முறைகளைப் பேணிப் புதுப்பிக்கப்பட்டு, 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது.

சுவரைக் காக்கும் வழி தெரிந்துவிட்டது. அங்கு வாழ்ந்தோரைக் காக்கும் வழிதான் எளிதில் அகப்படவில்லை. மரபுடைமைப் பகுதியில் 2009இல் 10,000க்குச் சற்று மேலிருந்த மக்கள்தொகை 2013இல் 9,500க்கும் கீழே இறங்கியது. செம்மையாகப் புதுப்பிக்கப்பட்ட கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாயின. ஒரு குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்த மேல்மாடியில் இன்று உறங்குவோர், இரண்டு நாளில் ஊர் திரும்பும் பயணிகள்.