மிக்கி பேக்கர்

மிக்கி பேக்கர் (இயற்பெயர் மெக்ஹூஸ்டன் பேக்கர், 15 அக்டோபர் 1925 – 27 நவம்பர் 2012) அமெரிக்கக் கிதார் கலைஞர், ஆசிரியர், இசையமைப்பாளர். 1950களில் நியூயார்க்கில் பதிவான ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்கள் பலவற்றில் கேட்கும் கிதார் இவருடையது. அந்தக் காலத்து இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டில் பாடியவர் பெயரும் பாட்டை எழுதியவர் பெயரும் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. இவர் வாசிப்பைக் கேட்டவர்கள் ஏராளம். வாசித்தது யார் என்று தெரிந்துகொண்டு கேட்டவர்கள் மிகச் சிலர்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தார். அப்போது இவருடைய தாய்க்கு வயது 12. 11 வயதில் அநாதை விடுதியில் சேர்த்தார்கள். அங்கிருந்து திரும்பத் திரும்ப ஓடிப்போனார். செயின்ட் லூயிஸ், சிகாகோ, பிட்ஸ்பர்க் என்று போன இடத்திலிருந்தெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 16ஆம் வயதில் நியூயார்க் போனவர் பிறகு விடுதிப் பக்கம் வரவில்லை. கூலி வேலை பார்த்தார், பாத்திரம் கழுவினார், அப்புறம் பூல் மேசையில் பணம் கட்டி ஆடிப் பிழைத்தார். 19 வயதில் இந்தப் பிழைப்பே வேண்டாம், ஜாஸ் வாசிக்கலாம் என்று முடிவெடுத்தார். அவர் ஆசைப்பட்ட வாத்தியம் ட்ரம்பெட். கையில் இருந்ததோ 14 டாலர். அடகுக் கடைகளில் அந்த விலைக்குக் கிடைத்தது கிதார் மட்டும்தான்.

இசைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பாடம் நகர்ந்த வேகம் போதவில்லை, விலகினார். கொஞ்ச காலம் வாத்தியத்தையே தொடவில்லை. தெருவில் வாசித்த ஒருவரைச் சந்தித்த பிறகுதான் மறுபடி கையில் எடுத்தார். ரெக்டர் பெய்லி உள்ளிட்ட ஆசிரியர்களிடம் தனியாகப் பாடம் கேட்டு, 1949 வாக்கில் சொந்தமாக ஒரு ஜாஸ் குழு வைத்திருந்தார். குழுவோடு மேற்கே போனபோது அவர்களுடைய புதுப்பாணி ஜாஸைக் கேட்க ஆளில்லை. கையில் காசில்லாமல் கலிஃபோர்னியாவில் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ப்ளூஸ் கிதார் கலைஞர் பீ வீ க்ரேட்டனின் நிகழ்ச்சியைப் பார்த்தார். தந்தியை இழுத்து வளைத்து வாசிக்கும் இந்த இசைக்குக் கூட்டமும் வருகிறது, பணமும் வருகிறது என்பதைக் கண்ணால் கண்டார். ஜாஸ் படித்த கையோடு ப்ளூஸுக்கு மாறியது அப்போதுதான். வயிற்றுக்காக எடுத்த முடிவு என்பதால் அதைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. இவர் வாசிப்பின் தனித்தன்மை முழுவதும் இந்தக் கலப்பில்தான் இருக்கிறது.

நியூயார்க் திரும்பியதும் அட்லான்டிக், சவாய், கிங் ஆகிய நிறுவனங்களின் ரெக்கார்டிங்குகளுக்குத் தொடர்ந்து அழைப்பு வந்தது. மூன்று மணி நேர அமர்வில் நான்கு பாடல்களை முடிப்பது அன்றைய வழக்கம். பாட்டு அங்கேதான் முதல் முறையாகக் காதில் விழும். சில நிமிடங்களில் அதற்கேற்ற வாசிப்பைக் கண்டுபிடித்தாக வேண்டும். ரூத் பிரவுன், பிக் ஜோ டர்னர், ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் என்று ஒருவருக்கொருவர் ஒட்டாத குரல்களுக்கு இவர் ஒருவரே வாசித்திருக்கிறார். டர்னரின் ‘ஷேக், ராட்டில் அண்ட் ரோல்’ (1954), ஹாக்கின்ஸின் ‘ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ’ (1956) இரண்டிலும் கிதார் பேக்கர்தான். இவரை அறிய ஒரே பாட்டு போதுமென்றால், ரே சார்லஸ் 1953இல் பதிவு செய்த ‘லூசிங் ஹேண்ட்’ பாட்டைச் சொல்லலாம். மெதுவான ப்ளூஸ். சார்லஸ் ஒரு வரி பாடி நிறுத்த, அந்த இடைவெளியில் கிதார் பதில் சொல்கிறது. பாடகரின் இடத்தை ஒரு முறைகூடப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனாலும் பாட்டு முடிந்த பிறகு நினைவில் நிற்பவை அந்தப் பதில்கள்தான்.

இவரிடம் கிதார் கற்க வந்தவர் சில்வியா வாண்டர்பூல். கிதாரும் பாட்டுமாகப் புகழ்பெற்ற லெஸ் பால் – மேரி ஃபோர்ட் இணையின் வெற்றியைப் பார்த்து, தாமும் அப்படியொரு ஜோடியாகலாம் என்று பேக்கர் மாணவியைச் சேர்த்துக்கொண்டார். 1956இல் பதிவான ‘லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ அடுத்த ஆண்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடமும் பாப் பட்டியலில் 11ஆம் இடமும் பிடித்தது. பாட்டுக்குக் கரு ராக் அண்ட் ரோல் கலைஞர் போ டிட்லியிடமிருந்து வந்தது. பாட்டின் உரிமையில் டிட்லியின் மனைவி எத்தல் ஸ்மித்தின் பெயர் இருக்கிறது. அந்தப் புகழ்பெற்ற கிதார் சங்கதியோ, ஜோடி வில்லியம்ஸ் என்னும் சிகாகோ கலைஞர் ‘பில்லீஸ் ப்ளூஸ்’ பாட்டில் முன்பே வாசித்தது. வழக்கு நடந்தது, தீர்ப்பு வில்லியம்ஸ் தரப்புக்குச் சாதகமாக வரவில்லை. சட்டம் என்ன சொன்னாலும், இந்தப் பாட்டைப் புகழும்போது வில்லியம்ஸின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை. பேக்கர் அந்தச் சங்கதியை எடுத்து உச்சத் தந்திகளில் கூர்மையாக்கி, லத்தீன் சாயல் கொண்ட தாளத்தின் மேல் உருட்டிவிட்டார். ஐக், டீனா டர்னரின் ‘இட்ஸ் கோனா வொர்க் அவுட் ஃபைன்’ (1961) பாட்டில் டீனாவுக்கு மறுமொழி பேசும் ஆண்குரலும் ஐக்குடையது அல்ல, பேக்கருடையது. சில்வியா பின்னாளில் சில்வியா ராபின்சனாக ஷுகர் ஹில் நிறுவனத்தைத் தொடங்கி, 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வழியாக ராப் இசையை நாடெங்கும் கொண்டு சென்றார்.

1960களின் தொடக்கத்தில் பேக்கர் பாரிஸில் குடியேறினார். மெம்ஃபிஸ் ஸ்லிம், சாம்பியன் ஜாக் டூப்ரீ போன்ற ப்ளூஸ் கலைஞர்களோடு வாசித்ததுடன், பிரான்சுவாஸ் ஹார்டி, சாந்தால் கோயா, ரானி பேர்ட் முதலிய பிரெஞ்சுப் பாடகர்களுக்கு இசை ஒழுங்கும் அமைத்தார். 1999இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷனின் முன்னோடி விருது பெற்றார். தூலூஸ் நகருக்கு அருகே காலமானபோது வயது 87.

தம் பெயரோடு இவர் விட்டுச் சென்றவற்றில் அட்லான்டிக் வெளியிட்ட ‘த வைல்டஸ்ட் கிதார்’ (1959) குறிப்பிடத்தக்க தட்டு. ஆனால் அதிகம் பேரை எட்டியது ‘கம்ப்ளீட் கோர்ஸ் இன் ஜாஸ் கிதார்’ என்ற பாடநூல். 1955இல் வந்தது, 52 பாடங்கள். முதல் பாடத்திலேயே 26 கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) படம் போட்டு, எண் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்கிறது. பள்ளிப் பாடத்தின் வேகம் போதாமல் வெளியேறியவர் எழுதிய புத்தகம் என்பது அந்தப் பக்கத்திலேயே தெரியும். அடுத்து அந்தக் கார்டுகளின் பயனைக் காட்டுகிறது. இசைத்தாளில் வெறுமனே ஜி மேஜர் என்று இருந்தால் அதையே தட்டிக்கொண்டிருக்காதே, ஜி மேஜர் செவன்த் வாசித்து ஜி சிக்ஸ்துக்குப் போ என்கிறது. ஜியை ஷட்ஜமாகக் கொண்டால், காகலி நிஷாதத்திலிருந்து சதுச்ருதி தைவதத்துக்கு ஒரு ஸ்வரம் மட்டும் இறங்குகிறது. மற்றவை அப்படியே நிற்கின்றன. அசையாமல் கிடந்த கார்டுக்குள் ஒரு சின்ன மெட்டு ஓடத் தொடங்குகிறது.