எங்கும் போகாத விமானம்: பத்து நிமிடப் பறத்தலின் வரலாறு



"வர்ற மாசம் பையனுக்குப் பதினஞ்சு முடியுது. பிறந்தநாளுக்கு ஒரு தடவை ஃப்ளைட்ல ஏத்திக் காட்டலாம்னு இருக்கோம்" என்று இன்று நிறைய வீடுகளில் பேச்சு நடக்கிறது. உடனே ஒரு பெரியவர் கேட்பார்: "எங்கே போக?" "எங்கேயும் இல்ல, சும்மா பறந்துட்டு வரத்தான்." "அதுக்கு இவ்வளவு காசா?"

நியாயமான கேள்விதான். ஊர் போய்ச் சேர்வதற்காக இல்லாமல், பறப்பதற்காக மட்டுமே காசு செலவழிப்பது வீண் போலத்தான் தெரியும். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை கிடைக்கிறது. விமானத் துறை வளர்ந்ததில் இந்த 'வீண்' பயணங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டின் முதல் விமான நிறுவனம் பிறந்ததும் அதில் சேர்த்தி! அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஏறியவர்கள்

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று பறந்தது நமக்குத் தெரியும். முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. ஆனால் 'பயணி' என்று ஒருவர் ஏற இன்னும் நான்கரை ஆண்டுகள் ஆயின. 1908 மே 14 அன்று அவர்களுடைய மெக்கானிக் சார்லஸ் ஃபர்னஸ் முதல் பயணி ஆனார். அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று ஆர்வில் ரைட் ஓட்டிய விமானம் விழுந்து நொறுங்கியது. கூடப் போன ராணுவ அதிகாரி தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்துபோனார். இயந்திர விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவர்தான். ஆக, அந்தக் காலத்தில் யாரும் பிள்ளைக்கு விமானப் பயணத்தைப் பரிசாகக் கொடுக்க நினைத்திருக்க மாட்டார்கள்.

நிலைமையை மாற்றியது முதல் உலகப்போர். போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்திடம் 'ஜென்னி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட கர்ட்டிஸ் பயிற்சி விமானங்கள் ஏராளமாக மிஞ்சின. வேலை இல்லாத விமானிகளும் மிஞ்சினார்கள். சில நூறு டாலருக்கு ஒரு ஜென்னியை வாங்கினார்கள், ஊர் ஊராகப் போனார்கள், வயலில் இறக்கினார்கள், வித்தை காட்டிக் கூட்டம் சேர்த்தார்கள். பிறகு, "யார் ஏறுகிறீர்கள்?" என்று கேட்டுக் காசு வாங்கிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார்கள். இதற்குப் பெயர் ஜாய்ரைடு. நம் ஊர்த் திருவிழா ராட்டினம் மாதிரிதான், உயரம் மட்டும் கொஞ்சம் அதிகம்!

பத்து டாலர், பத்து நிமிடம்

அமீலியா இயர்ஹார்ட் சிறுமியாக இருந்தபோது ஒரு கண்காட்சியில் விமானத்தைப் பார்த்தார். மரமும் துருப்பிடித்த கம்பியுமாக நின்ற அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. பார்ப்பது வேறு, ஏறுவது வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

1920 டிசம்பர் 28 அன்று கலிபோர்னியாவில் ஃப்ராங்க் ஹாக்ஸ் என்ற விமானி அவரை ஏற்றிக்கொண்டு பறந்தார். பத்து நிமிடம், பத்து டாலர். காசு கொடுத்தவர் அவருடைய அப்பா. அப்போது அவருக்கு வயது 23. தரையிலிருந்து இருநூறு முந்நூறு அடி எழும்பியதுமே, தான் விமானம் ஓட்டியே ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டதாகப் பிற்காலத்தில் சொன்னார். ஒரு வாரத்துக்குள் பயிற்சியில் சேர்ந்தார். செலவுக்காகப் பல வேலைகள் பார்த்தார். 1932 மே மாதம் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக விமானத்தில் கடந்த முதல் பெண் என்று பெயர் பெற்றார்.

அந்த அப்பா கொடுத்த பத்து டாலரை வீண் செலவு என்று சொல்ல முடியுமா?

பத்தாயிரம் பள்ளிப் பிள்ளைகள்

இங்கிலாந்தில் இதைத் திட்டம் போட்டுச் செய்தவர் ஆலன் காப்ஹாம். லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா வரை போய்த் திரும்பி, 1926இல் தேம்ஸ் நதியில் விமானத்தை இறக்கியவர். பொதுமக்கள் பறந்து பார்த்தால்தான் ஊருக்கு ஊர் விமான நிலையம் கட்ட ஆதரவு கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

1929இல் ஒரு விமானத்துக்கு 'பிரிட்டனின் இளைஞர்கள்' என்ற பொருளில் பெயர் வைத்து நாடு முழுவதும் சுற்றினார். எண்ணெய் வியாபாரத்தில் பணம் சேர்த்த சார்லஸ் வேக்ஃபீல்ட் என்ற செல்வந்தர் செலவை ஏற்றுக்கொள்ள, சுமார் 10,000 பள்ளிப் பிள்ளைகள் காசு இல்லாமல் பறந்தார்கள்! 1932 முதல் 1935 வரை காப்ஹாமின் 'பறக்கும் சர்க்கஸ்' ஊர் ஊராகப் போனது. அதில் ஏறியவர்கள் சுமார் பத்து லட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் போர் விமானம் ஓட்டிய இளைஞர்கள் பலருக்கு முதல் பறத்தல் இந்த சர்க்கஸில்தான் கிடைத்தது.

ஹார்டெலோ கடற்கரைச் சிறுவன்

இப்போது நம் கதைக்கு வருவோம். பிரான்சின் வடகரையில் ஹார்டெலோ என்று ஓர் ஊர். 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவுக்கு அங்கே ஒரு வீடு இருந்தது. பக்கத்திலேயே கோடை விடுமுறைக்கு வந்து தங்கியது ஓர் இந்தியக் குடும்பம். அந்த வீட்டுப் பையன் கடற்கரையில் விமானங்கள் இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தான். 15 வயதில் அவனுக்கு ஒரு ஜாய்ரைடு கிடைத்தது. அவ்வளவுதான், மனம் அங்கேயே நின்றுவிட்டது.

பையனின் பெயர் ஜே.ஆர்.டி. டாடா.

ஆசை வந்துவிட்டது, ஆனால் கற்றுக்கொள்ள இடம் இல்லை. பம்பாயில் ஃப்ளையிங் கிளப் வரும்வரை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார். 1929 பிப்ரவரி 10 அன்று அவர் கைக்கு வந்த விமானி உரிமத்தின் எண் 1.

அதே சமயத்தில் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை வீரர் இந்தியாவுக்கு வந்திருந்தார். பிழைப்பு என்ன தெரியுமா? ஊர் ஊராகப் போய் ஜாய்ரைடு விற்பது! இருவரும் சேர்ந்து தபால் விமானத் திட்டம் ஒன்றைத் தயாரித்தார்கள். அரசு இழுத்தடித்தது. டாடா குழுமத்தின் தலைவர் தொராப்ஜி டாடாவுக்கும் முதலில் மனம் இல்லை. கடைசியில் 2 லட்சம் ரூபாய் முதலீட்டில் வேலை தொடங்கியது.

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஒரு சின்னப் புஸ் மாத் விமானத்தில் தபால் பைகளோடு கிளம்பிய ஜே.ஆர்.டி., அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்ட வின்சென்ட் பெல்லாரியில் ஓர் இரவு தங்கி மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். ஆக, அந்தப் பாதையின் கடைசி நிறுத்தம் நம்ம சென்னை!

முதல் ஆண்டில் அந்த நிறுவனம் ஏற்றிய பயணிகள் மொத்தம் 155 பேர். இன்று ஒரு ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஒரே நடையில் அதற்கு மேல் ஆட்கள் போகிறார்கள். அந்த நிறுவனம்தான் 1946இல் ஏர் இந்தியா ஆனது, 1953இல் அரசுடைமை ஆனது, 2022 ஜனவரியில் மீண்டும் டாடாவிடமே போனது.

யோசித்துப் பாருங்கள். ஜாய்ரைடில் ஏறிய ஒரு பையனும், ஜாய்ரைடு விற்ற ஒரு விமானியும் சேர்ந்து ஆரம்பித்தது இது!

ஏற முடியாதவர்கள்

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜே.ஆர்.டி. பணக்கார வீட்டுப் பிள்ளை. அமீலியாவின் அப்பாவால் பத்து டாலர் எடுத்து நீட்ட முடிந்தது. முடியாதவர்கள்?

பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண்ணை அமெரிக்காவில் எந்த விமானப் பள்ளியும் சேர்க்கவில்லை. பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்குப் போய், 1921இல் உரிமம் வாங்கினார். ஊர் திரும்பி சாகசக் காட்சிகள் நடத்தினார். கறுப்பின மக்களை உள்ளே விடாத இடங்களில் பறக்க மறுத்தார். தன் மக்களுக்காக ஒரு விமானப் பள்ளி தொடங்க வேண்டும் என்பது அவர் கனவு. 1926 ஏப்ரல் 30 அன்று ஒத்திகையில், பராசூட்டில் குதிக்க இடம் பார்ப்பதற்காக சீட் பெல்ட் போடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விமானம் கவிழ்ந்து கீழே விழுந்து இறந்தார். ஓட்டிய மெக்கானிக்கும் இறந்தார். யாரோ விட்டுவைத்த ஒரு ஸ்பேனர் விமானத்தின் இயக்கத்தில் சிக்கியிருந்ததாம்.

ஒரு ஸ்பேனர்! அமெரிக்காவில் அதே 1926இல் வந்த சட்டமும், அதன்கீழ் வந்த விதிகளும் விமானிக்கு உரிமம், விமானத்துக்குச் சோதனை என்று கட்டாயமாக்கின. இன்று நாம் பயமில்லாமல் பிள்ளையை ஏற்றுகிறோம் என்றால், அந்த விதிகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட உயிர்கள் இருக்கின்றன.

'யார் ஏறலாம்' என்ற கேள்விக்கும் மெல்ல மெல்லப் பதில் வந்தது. அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய 'யங் ஈகிள்ஸ்' திட்டத்தில் 8 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளை விமானிகள் தங்கள் சொந்தச் செலவில் ஏற்றிச் செல்கிறார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பறந்துவிட்டார்கள். இந்தியாவில் 2003இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான் சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்குக்கூட விற்றது. நிறுவனம் நிலைக்கவில்லை, ஆனால் 'விமானம் நமக்கில்லை' என்ற எண்ணம் உடைந்தது. அவர் கதையைத் தழுவித்தான் 2020இல் 'சூரரைப் போற்று' படம் வந்தது. அதன் ஒரு பாடலை, முதன்முறை விமானம் ஏறிய பள்ளிப் பிள்ளைகளோடு நடுவானில் வெளியிட்டார்கள்!

பரிசு கொடுக்க நினைப்பவர்களுக்கு

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சில யோசனைகள்:

- தூரம் முக்கியமில்லை. அமீலியாவுக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. கிட்டத்தில் உள்ள ஊருக்கு ஒருவழி டிக்கெட் போதும். திரும்பி ரயிலில் வந்தால் செலவும் குறையும், மேலே பார்த்த ஆற்றையும் ஏரியையும் கீழேயும் பார்க்கலாம்.
- பகல் விமானம், ஜன்னல் இருக்கை, இறக்கை மறைக்காத வரிசை. சென்னையிலிருந்து தெற்கே போனால் இடப்பக்கம் கிழக்கு.
- சிறிய விமானத்தில் ஏற்றுவதாக இருந்தால் விமானியின் உரிமத்தையும் நிறுவனத்தின் அனுமதியையும் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.
- பையனோ பெண்ணோ பயந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். சிறுமி அமீலியாவுக்கும் விமானம் பிடிக்கவில்லை, வேளை வந்தபோது பிடித்தது.
- முடிந்தால் அவர்களுடைய நண்பர்களில், வீட்டில் வசதி இல்லாத ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேக்ஃபீல்ட் பத்தாயிரம் பேருக்குச் செய்ததை நாம் ஒருவருக்குச் செய்யலாமே!

ஏறியவர்கள் எல்லோரும் விமானி ஆகிவிடுவதில்லை. காப்ஹாமிடம் ஏறிய பத்து லட்சம் பேரில் பெரும்பாலானோர் இறங்கி வீட்டுக்குப் போய் வழக்கமான வேலையைப் பார்த்தார்கள். ஆனால் தங்கள் ஊரை, தங்கள் தெருவை, தங்கள் கூரையை ஒரு தடவை மேலிருந்து பார்த்துவிட்டார்கள். ஒரு டிக்கெட்டுக்கு அது குறைந்த வரவு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.