ஓசூர் வண்டியும் நாட்றாம்பாளையம் ரோடும்: ஸ்போர்ட் டூரர் ஏன் காணாமப் போச்சு?

பெங்களூரிலிருந்து சனிக்கிழமை விடியற்காலையில் ஒகேனக்கல் கிளம்புகிற பைக்காரர்களில் ஒரு கூட்டம் கிருஷ்ணகிரி ஹைவே பக்கமே போகாது. ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று காட்டு வழியாகவே காவிரிக்கு இறங்கும். மேலகிரி மலை, வளைவுகள், யானை கடக்கிற ரோடு. இந்த ரோட்டோரம் நின்று வண்டிகளை எண்ணினாலே கடந்த 20 வருஷக் கதை தெரிஞ்சிடும். 2010-க்குக் கொஞ்சம் முன்னப்பின்ன பார்த்தீங்கன்னா கரிஸ்மா, பல்சர் 220, ஃபேஸர், அப்புறம் சி.பி.ஆர் 250. இன்னைக்கு ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், கே.டி.எம் அட்வென்ச்சர். நடுவில் ஒரு வண்டி ஜாதியே காணாமப் போச்சு. அதைப் பத்திதான் இந்த எபிசோடு.

ஸ்போர்ட் டூரர்னா என்ன? ரேஸ் பைக் மாதிரி ஃபேரிங் இருக்கும், காத்து நெஞ்சில் அடிக்காது. ஆனால் ரேஸ் பைக் மாதிரி டேங்க் மேல் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். ஹேண்டில்பார் கொஞ்சம் மேலே, சீட் கொஞ்சம் அகலம், பின்னாடி ஒரு ஆள் நிஜமாவே உட்காரலாம், பை கட்டலாம். ஒரே நாளில் 500 கிலோமீட்டர் போய் இறங்கினாலும் மனுஷனா இறங்கணும். அவ்வளவுதான் இலக்கணம்.

உலகத்தில் இது தொடங்கிய இடம் என்று நான் பி.எம்.டபிள்யூ ஆர் 100 ஆர்.எஸ் வண்டியைத்தான் சொல்வேன். 1976. அதன் ஃபேரிங்கை இத்தாலியில் பினின்ஃபரினா கம்பெனியின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைத்தார்கள். ஜெர்மனி ஆட்டோபானில் மணிக்கணக்கில் வேகமாகப் போக வேண்டும், அதற்கான வண்டி. 1986-ல் ஹோண்டா வி.எஃப்.ஆர் 750, 1990-ல் எஸ்.டி 1100, 2001-ல் யமஹா எஃப்.ஜே.ஆர் 1300. அந்த 25 வருஷம் இவை ராஜாக்கள்.

ஆனால் ராஜாவைக் கவிழ்த்த ஆளும் அதே பி.எம்.டபிள்யூ வீட்டில்தான் பிறந்தது. 1980-ல் வந்த ஆர் 80 ஜி/எஸ். ஜெர்மன் மொழியில் ஜி என்றால் காடுமேடு, எஸ் என்றால் ரோடு. அடுத்த வருஷமே பாரிஸ்–டாக்கர் ரேஸில் ஜெயித்தது. 2004-ல் இவான் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் ஜி.எஸ் வண்டிகளில் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் போய் நியூயார்க் சேர்ந்த பயணம் டி.வி தொடராக வந்தது. அதுக்கப்புறம் நடுத்தர வயசு ஐரோப்பியர் ஒருத்தர் டூரிங் வண்டி வாங்கப் போனால் உயரமான வண்டியைத்தான் கேட்டார். வி.எஃப்.ஆரும் எஃப்.ஜே.ஆரும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஒவ்வொன்றாகக் கடையை விட்டுப் போயின.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே 1000 சி.சி எல்லாம் யாருக்குக் கட்டுப்படியாகும்? நம்ம ஸ்போர்ட் டூரர் 150 முதல் 250 சி.சி வரைதான். 2003-ல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 223 சி.சி, பாதி ஃபேரிங். ஸ்ப்ளெண்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஊரில் அது வேறு கிரகத்து வண்டி. 2007-ல் பல்சர் 220. 2009-ல் ஃபேஸர், அதே வருஷம் முழு ஃபேரிங்கோடு கரிஸ்மா இசட்.எம்.ஆர். 2011-ல் ஹோண்டா சி.பி.ஆர் 250 ஆர். சி.பி.ஆரின் முகத்தை உற்றுப் பாருங்க, ஹோண்டாவின் பெரிய ஸ்போர்ட் டூரர் வி.எஃப்.ஆர் 1200-இன் முகத்தை அப்படியே சின்னதாக்கி ஒட்டியிருப்பாங்க. கம்பெனியே சொல்லாமச் சொன்ன விஷயம் அது.

காலத்தைக் கவனிங்க. 1999-ல் தங்க நாற்கரச் சாலைத் திட்டம் தொடங்குது. சென்னை–கிருஷ்ணகிரி–ஓசூர்–பெங்களூர் ரோடு நாலு வழியாகுது. டூவீலருக்கு டோல் கிடையாது. பெங்களூர் ஐ.டி சம்பளம் ஒரு பக்கம், ஓசூர் சிப்காட் சம்பளம் இன்னொரு பக்கம். நல்ல ரோடு, இளம் வயசு, முதல் சம்பளம், மூணும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. இந்த வண்டிகள் ஓடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த எபிசோடுக்காக ஒரு அண்ணாகிட்ட பேசினேன். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, சொந்த ஊர் நாட்றாம்பாளையம் பக்கம். ஓசூரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேலே. 2008-ல் லோன் போட்டு வாங்கின கரிஸ்மாவை இன்னும் வைத்திருக்கிறார்.

"ஏண்ணா இன்னும் விக்கல?" என்று கேட்டேன்.

"வித்துட்டு எதை வாங்கறது தம்பி? வாரம் பூரா கம்பெனிக்கு இதுதான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரியையும் பையனையும் ஏத்திக்கிட்டு ஊருக்குப் போறதும் இதுதான். புது வண்டி பார்க்கப் போனோம். அவ சேலை கட்டிக்கிட்டு அந்த உயரத்துல ஏறவே முடியல. இன்னொரு கடையில் ரேஸ் வண்டி காட்டினாங்க. பின் சீட்டு உள்ளங்கை அகலம்."

"ஸ்பேர் கிடைக்குதா?"

"ஃபேரிங் உடைஞ்சா பெங்களூர்ல பழைய வண்டி உடைக்கிற இடத்துல தேடணும். மத்தது மெக்கானிக் எப்படியோ பார்த்துக்கறாரு."

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கு. ஸ்போர்ட் டூரர் என்பது பணக்காரரின் மூணாவது வண்டி இல்லை. ஒரே ஒரு வண்டி வைத்திருக்கிறவரின் வண்டி. வேலைக்கும் அதுவே, குடும்பத்துக்கும் அதுவே, வருஷத்தில் ஒரு தடவை மனசுக்குப் பிடிச்ச தூரத்துக்கும் அதுவே. அந்த ஜாதி ஒழிஞ்சதில் நஷ்டப்பட்டது இவரை மாதிரி ஆட்கள்தான்.

ஏன் ஒழிஞ்சது? "ஜனங்களுக்கு ரசனை மாறிடுச்சு" என்று யூடியூபில் சொல்வதை நான் ஏத்துக்க மாட்டேன். ரசனை தானா மாறாது.

முதல் காரணம் ரோடு. கேட்க வேடிக்கையா இருக்கும். ஐரோப்பாவில் ஸ்போர்ட் டூரரை வளர்த்தது வேகச் சாலை. இங்கே சாலை எவ்வளவு நல்லா ஆகுதோ அவ்வளவுக்கு டூவீலரை வெளியே தள்ளுறாங்க. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்கு அனுமதி இல்லை. பெங்களூர்–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்ட் 1 முதல் தடை. ஆட்டோ, டிராக்டரோடு சேர்த்து பைக்கும் சர்வீஸ் ரோட்டுக்குப் போகணும். சர்வீஸ் ரோட்டில் என்ன இருக்கும்? பள்ளம், வேகத்தடை, எதிரே ராங் சைடில் வருகிற வண்டி. அங்கே ஃபேரிங்கால் என்ன பிரயோஜனம்? நீளமான ஷாக் அப்சார்பர்தான் வேணும். பாதுகாப்புக்காகத் தடை என்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சர்வீஸ் ரோட்டைச் சரியா போட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கலாம்.

ஹைவேயில் மிச்சம் இருந்த சுகமும் போச்சு. கார் மலிவாச்சு, லாரி பெருகிச்சு. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி ரோட்டில் இப்ப வண்டி ஓட்டுறது பயணமா, வரிசையில் நிக்கிறதா என்றே சந்தேகம். அதனால் சுத்தப் போகிறவர்கள் ஹைவேயை விட்டு அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் மாதிரி ரோடுகளைத் தேடிப் போனார்கள். அப்படிப்பட்ட ரோட்டுக்கு உயரமான வண்டி பொருந்தும் என்று கம்பெனிகள் விளம்பரம் செய்தன. 2016-ல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200, 2020-ல் கே.டி.எம் 390 அட்வென்ச்சர். 2020-ல் வந்த அந்தக் கே.டி.எம்மின் சீட் உயரம் 855 மில்லிமீட்டர். நம்ம ஆட்களில் பாதிப் பேருக்குக் கால் தரையில் முழுசாப் படாது.

அடுத்தது 2020 ஏப்ரல் 1. பி.எஸ் 6 மாசு விதி. பழைய இன்ஜினைத் திருத்தணும்னா செலவு. நல்லா விக்கிற வண்டிக்குத்தான் அந்தச் செலவைச் செய்வாங்க. சி.பி.ஆர் 250 ஆர் நின்னுச்சு, ஃபேஸர் 25 நின்னுச்சு. கரிஸ்மா அதுக்கு முன்னாடியே போய்விட்டது. 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்த பிறகு அந்த வண்டிக்குப் பின்னால் ஜப்பான் மூளை இல்லை. 2014-ல் மாற்றின முகத்தை ரசிகர்களே ஏத்துக்கல. 2023-ல் கரிஸ்மா எக்ஸ்.எம்.ஆர் 210 என்று அதே பேரில் திரும்பி வந்தது. பல்சர் 220-யும் 2022-ல் நின்னு 2023-ல் திரும்பியது. ரெண்டும் வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் சனிக்கிழமை கூட்டத்தில் அதைத் தேடித்தான் பார்க்கணும்.

இந்தக் கதையில் ஓசூருக்கு ஒரு விசேஷ இடம் இருக்கு. 1980-ல் டி.வி.எஸ் 50 மொபெட் செய்த ஊர். 2013-ல் டி.வி.எஸ்ஸும் பி.எம்.டபிள்யூவும் கைகோர்த்தன. ஒரே இன்ஜினை வைத்து ஜி 310 ஆர், உயரமான ஜி 310 ஜி.எஸ், 2017 டிசம்பரில் முழு ஃபேரிங்கோடு அப்பாச்சி ஆர்.ஆர் 310. ரேஸ் வண்டி, காட்டு வண்டி, ரெண்டும் ஒரே ஃபேக்டரியிலிருந்து லாரி ஏறின. நடுவில் இருக்க வேண்டிய வண்டியை மட்டும் யாரும் செய்யல. 2020-ல் டி.வி.எஸ் இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனியை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது நான் கொஞ்சம் ஆசைப்பட்டேன், ஒருவேளை அந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று.

வந்தது வேறு. 2025 அக்டோபரில் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ் 300. ஹிமாலயன் கூட்டத்தோடு போட்டி போடுகிற உருவம்தான், ஆனால் 299 சி.சி, விலை ரெண்டு லட்சத்துக்குப் பக்கம். 350 சி.சி-க்கு மேலே 40 சதவீதம் ஜி.எஸ்.டி என்று 2025 செப்டம்பரில் ஆன பிறகு, இந்த அளவு இன்ஜினுக்கு 18 சதவீதம்தான். ரோட்டுக்கு ஏத்த வண்டி, தார் ரோடு ஆட்களும் ஓட்டலாம் என்கிறார்கள். அந்த அண்ணாவை ஷோரூமுக்கு அனுப்பியிருக்கேன், வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு போங்கண்ணா, அவங்க ஏறி உக்காந்து பார்க்கட்டும் என்று. இன்னும் பதில் வரல.