பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே

ஜொகூரின் குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத் தோட்டங்களில் பால்மரம் என்கிற ரப்பர் மரம் சீவப் பழகியவர்களுக்கு முதல் பாடம், உளி கட்டையில் படக்கூடாது என்பதுதான். மரத்தில் காயம் விழுந்தால் கங்காணியின் ஏச்சு நிச்சயம். காரணம் சொல்லும் வழக்கம் மட்டும் இல்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்றொரு மெல்லிய உயிரணுப் படலம் இருக்கிறது. உளி அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நின்றாக வேண்டும். தப்பினால் பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாகிவிடும். 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் அதன் இயக்குநர் ரிட்லி வகுத்த சீவல் முறை, இந்தப் படலத்தைத் தொடாமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறப்பதுதான்.

அந்தப் படலத்தின் ஓர் உயிரணுவைப் பின்தொடர்வோம். முதலில் வளர்ந்து புரதங்களைச் சேர்க்கிறது. பிறகு தன் 36 குரோமோசோம்களையும் படியெடுக்கிறது. படியில் பழுதிருந்தால் நின்று சரிபார்க்கிறது. அப்புறம்தான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கேம்பியமாகவே தங்கும். மற்றது வெளிப்பக்கம் ஒதுங்கினால் பட்டை, உட்பக்கம் ஒதுங்கினால் கட்டை.

வெளியே போனவற்றில் சில, தங்களுக்குள் இருக்கும் சுவரைக் கரைத்துப் பால்குழாயாகச் சேர்ந்துகொள்கின்றன. பால் பிடிக்கும் மங்கில் சொட்டுவது அவற்றின் உள்ளடக்கமேதான். உட்கருக்கள் குழாயிலேயே ஒட்டிக்கொள்வதால் இரண்டொரு நாளில் பால் திரும்ப ஊறுகிறது.

உள்ளே போனவற்றில் சில சாவதற்கென்றே போகின்றன. எனக்கு வியப்பு இவற்றின்மேல்தான். நீண்டு பருத்து, லிக்னின் என்னும் பொருளால் சுவரைக் கெட்டியாக்கிக்கொண்டதும், நடுவிலுள்ள குமிழி உடைகிறது. அதில் அடைபட்டிருந்த நொதிகள் உட்கரு உட்பட எல்லாவற்றையும் செரித்துவிடுகின்றன. நோயோ வறட்சியோ காரணமில்லை, சொந்த மரபணுக்களே இட்ட உத்தரவு. மிஞ்சுவது வெற்றுக் குழல். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற வழி அப்போதுதான் பிறக்கிறது.

இருபத்தைந்து, முப்பது ஆண்டில் பால் குறைந்த மரம் வெட்டுப்படும். ஜொகூரில் மூவார் மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போனது. ரப்பர் பலகைதான் அங்கே முக்கியச் சரக்கு. பலகையில் மெல்லிய கீறல்களாகத் தெரிபவை இந்தக் குழல்களே. அறுத்த பலகைக்குத் தொல்லை கொடுப்பவை வெட்டும்வரை உயிரோடிருந்த உயிரணுக்கள்: அவை சேமித்த மாவுச்சத்து வண்டையும் பூஞ்சையையும் இழுக்கும். அதனால் ஈரம் காயுமுன்பே பலகைகளை உருளையில் அடைத்து, போரான் கரைசலை அழுத்தத்தோடு ஏற்றுகிறார்கள். கரைசல் உள்ளே பாய்வதும் என்றோ செத்த அந்தக் குழல்கள் வழியாகத்தான்.